பெட்டரியின் இடமும் முதுகின் சுகமும்

மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறவரிடம் விற்பனையாளர் முதலில் சொல்வது, ஒரு தடவை மின்னேற்றினால் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதை. வாங்கப் போகிறவரும் பெரும்பாலும் அதையே கேட்கிறார். திருகோணமலை நகரத்தில் வாழ்கிறவருக்கு இது இரண்டாம் பட்சமான கேள்வி. உவர்மலையிலிருந்து பிரதான வீதிக்கும், அங்கிருந்து உப்புவெளிக்கும், மனம் வந்தால் நிலாவெளிக் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பினாலும் ஒரு நாளின் ஓட்டம் 50 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். லித்தியம் பெட்டரியுடன் வரும் நடுத்தர விலை ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை அதை இலகுவாகக் கடந்துவிடுகின்றன. நான் கேட்க விரும்புவது வேறு. அந்தத் தூரம் ஓடி முடிந்த பிறகு ஓட்டியவரின் முதுகும் முழங்காலும் எப்படி இருக்கின்றன, பின்னால் அமர்ந்து வந்தவர் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாரா? இதற்கான விடை, பெட்டரியையும் மோட்டாரையும் வண்டியில் எங்கே வைத்தார்கள் என்பதிலேயே பெரும்பாலும் தங்கியிருக்கிறது என்பது, சில வண்டிகளை ஓட்டியும் சிலவற்றில் பின்னால் அமர்ந்தும் பார்த்த பின் நான் வந்தடைந்த முடிவு.

நம்மூரில் இந்த வண்டிகள் பெருகிய காலத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2022 நடுப்பகுதியில் கியூஆர் குறியுடன் தேசிய எரிபொருள் அனுமதி முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே ஒதுக்கப்பட்டது. பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கின்ற ஊரில் இருந்துகொண்டு பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம் என்பதை இன்றும் பலர் சிரித்தபடி நினைவுகூர்வார்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், இடையில் கையில் அகப்பட்டதை வாங்கியவர்களே அதிகம். அப்போது வடிவமைப்பைப் பற்றி யோசிக்க எவருக்கும் வசதி இருக்கவில்லை. இப்போது தெரிவு செய்ய இடமிருக்கிறது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

எங்கள் வீட்டில் நிற்பது, அந்த நெருக்கடிக் காலத்தில் வாங்கிய ஈய அமிலப் பெட்டரி வண்டி. பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார், 10 அங்குலச் சக்கரங்கள். ஏறக்குறைய இதே அமைப்பில் பல பெயர்களில் வண்டிகள் வந்திருப்பதால் அதன் பெயரைச் சொல்வதில் பயனில்லை. கொழும்பில் ஒன்றுவிட்ட தம்பியிடம் ஏதர் 450எக்ஸ் இருக்கிறது. போகும்போதெல்லாம் அதை வாங்கி ஓட்டுவது வழக்கம். அம்மாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னையில் தங்கியிருந்த நாட்களில் உறவினர் வீட்டு டிவிஎஸ் ஐகியூப், பஜாஜ் சேத்தக் இரண்டிலும் போய்வர வாய்த்தது. எல்லாவற்றுக்கும் அளவுகோலாக நான் வைத்துக்கொண்டது ஹொண்டா டியோ என்ற பெற்றோல் ஸ்கூட்டரை. இந்த ஊரில் பலருடைய உடம்பும் அதற்குப் பழகிப்போயிருக்கிறது. புதிய வண்டி எதிலும் ஏறியவுடன் நாம் அறியாமலே ஒப்பிடுவது அதனோடுதான்.

பெற்றோல் ஸ்கூட்டரில் கால் வைக்கும் தளத்துக்குக் கீழே குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை. எஞ்சின் பின்னால், பெற்றோல் தாங்கி இருக்கைக்குக் கீழே. தளம் என்பது சட்டத்தின்மேல் போட்ட ஒரு தகடும் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியும்தான். மின்சார ஸ்கூட்டரை வரைகிறவர், பெட்டரி என்ற பாரமான பெட்டியை எங்காவது வைத்தே ஆகவேண்டும். அவருக்குப் பெரும்பாலும் இரண்டு இடங்களே உண்டு, இருக்கைக்குக் கீழ் அல்லது தளத்துக்குக் கீழ். இந்த ஒரு தெரிவிலிருந்து மற்றவை அனைத்தும் வரிசையாகத் தொடர்கின்றன.

இருக்கைக்குக் கீழ் வைத்தால் தளம் தாழ்வாகவே இருக்கும், கால்கள் டியோவில் இருந்ததைப் போலவே நீளும். ஆனால் பாரம் மேலேயும் பின்னாலேயும் போய்விடுகிறது. ஈய அமிலப் பெட்டரியில் இது நன்றாகவே உறைக்கும். 12 வோல்ட், 20 ஆம்பியர் மணிப் பெட்டரி ஒன்று ஏறத்தாழ 7 கிலோ. அவ்வாறான ஆறினை இணைத்து 72 வோல்ட் ஆக்கினால் 40 கிலோவுக்கு மேல் சேர்கிறது, அதிலிருந்து கிடைப்பதோ 1.44 கிலோவாட் மணி மின்சாரம் மட்டும். எங்கள் வண்டியை ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது. ஒழுங்கைக்குள் மெதுவாகத் திரும்பும்போதும், வளவுக்குள் ஏற்றி நடுத்தாங்கியில் நிறுத்தும்போதும்தான், பின்பக்கம் தனக்கென ஒரு விருப்பம் உள்ளது போலச் சாயப் பார்க்கிறது. என் மனைவி அதை நடுத்தாங்கியில் நிறுத்துவதையே விட்டுவிட்டார்.

தளத்துக்குக் கீழே வைத்தால் பாரம் தாழ்ந்து, இரு சக்கரங்களுக்கும் நடுவே வந்துவிடுகிறது. ஏதர் இதைத்தான் தொடக்கத்திலிருந்து செய்தது. சுமார் 111 கிலோ எடையுள்ள அந்த வண்டி, அதைவிடக் குறைந்த எடையுள்ள பெற்றோல் ஸ்கூட்டர்களைக் காட்டிலும் இலேசாகத் திரும்புவதற்குக் காரணம் அதுவே. கொழும்பில் நிற்கும் வாகனங்களுக்கு இடையே நெளிந்து போகும்போது, கைப்பிடியை ஒரு விரலால் தள்ளினாலே போதும் என்ற உணர்வு வரும். இதுவரை எல்லாம் நன்மை. தீமை முழங்காலில் தொடங்குகிறது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைக் கையேடு எதிலும் இது இருக்காது. ஸ்கூட்டரின் இருக்கை உயரம் பெரும்பாலும் 760 முதல் 800 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். ஐகியூப் 770, ஏதர் 780. அதற்கு மேல் போனால் உயரம் குறைந்தவர்களின் கால் நிலத்தில் ஊன்றாது. கீழே, வேகத்தடையில் அடி தட்டாமல் இருக்கவேண்டுமென்பதால் வண்டியின் வயிற்றையும் தாழ்த்த முடியாது. இரண்டுக்கும் நடுவே பெட்டரியைச் செருகினால், உயரக்கூடியது தளம் ஒன்றுதான். இருக்கைக்கும் தளத்துக்கும் இடையிலான உயரம் குறையக் குறைய, முழங்கால் மேலே வருகிறது, தொடை இருக்கையை விட்டு எழும்புகிறது, தொடை ஏற்கவேண்டிய பாரமும் நாரி எலும்பின்மேல் விழுகிறது. பலகைக் கட்டையில் குந்தியிருந்து தேங்காய் துருவுகிறவரின் முதுகு எப்படி வளைந்திருக்குமோ, அப்படியே வளைந்த முதுகோடு வண்டி ஓட்டவேண்டியிருக்கும். வளைந்த முதுகில் விழும் ஒவ்வொரு அதிர்வும் நேராக நாரிக்குத்தான் போகும். அதன்பின் எவ்வளவு நல்ல ஷொக் அப்சோபர் போட்டும் அரைப் பயன்தான்.

கடையில் நிற்கும்போதே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வண்டியில் ஏறி, இரண்டு கால்களையும் தளத்தில் வைத்து, ஓட்டும் நிலையில் நிமிர்ந்து அமருங்கள். முழங்காலுக்கு அண்மையில் தொடைக்கும் இருக்கைக்கும் நடுவே உங்கள் உள்ளங்கை தாராளமாக நுழையுமானால், நிலாவெளி போய்வரும் தூரத்துக்கு அந்த வண்டி உங்களுக்கு உதவாது. உயரம் குறைந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. என்னைப் போல் கால் நீண்டவர்கள்தான் இதை முதலில் உணர்வார்கள், எனவே குடும்பத்தில் யார் அதிகம் ஓட்டப்போகிறாரோ அவரையே அமர்த்திப் பார்ப்பது நல்லது.

வடிவமைப்பாளர்களுக்கு இது தெரியாமலில்லை. சேத்தக்கின் 35 வரிசை 2024 டிசம்பரில் வந்தபோது பெட்டரியைத் தளத்துக்குக் கீழே மாற்றினார்கள். கூடவே சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 25 மில்லிமீற்றர் கூட்டி 1350 ஆக்கினார்கள், இருக்கைக்குக் கீழே 35 லீற்றர் இடமும் கிடைத்தது. தளத்தை உயர்த்தியே ஆகவேண்டுமென்றால், கால்களை மேலே மடக்குவதற்குப் பதிலாக முன்னே நீட்ட இடம்விட வேண்டும்; வண்டியை நீட்டுவதே அதற்கு வழி. ஓலா எஸ்1 வரிசையின் முதற் தலைமுறையில் தளத்தின் மேற்பரப்பு வளைந்திருந்தது. 2023இல் வந்த இரண்டாம் தலைமுறை எஸ்1 ப்ரோவில் அதைச் சமதளமாக்கினார்கள், முன் சக்கரத்தை ஒற்றைக் கரத்தில் தாங்கியிருந்த அமைப்பையும் நீக்கிவிட்டு வழமையான இரட்டைக் குழாய் ஃபோர்க்கைப் பொருத்தினார்கள். படத்தில் அழகாகத் தெரிந்தவை வீதிக்கு வந்ததும் மாறிவிட்டன.

சமதளத்தைப் பற்றிப் பேசும்போது 12.5 கிலோ காஸ் சிலிண்டரை மறந்துவிடக் கூடாது. சமையல் எரிவாயுச் சிலிண்டரையும் அரிசி மூடையையும் தளத்தில் வைத்து இரு கால்களாலும் அணைத்துக்கொண்டு வருவதுதான் இந்த ஊரில் ஸ்கூட்டரின் பாதிப் பயன். ஐகியூபின் தளம் இதற்கு நன்றாக இடம் கொடுக்கிறது. ஏதர் 450எக்ஸின் தளம் ஒடுக்கமானது. அது ஓட்டுகிறவருக்காக வரையப்பட்ட வண்டி, வீட்டுக்காக வரையப்பட்டதல்ல. அந்த நிறுவனமே பின்னர், 2024 ஏப்ரலில், ரிஸ்டா என்ற பெயரில் நீண்ட இருக்கையுடன் ஒரு குடும்ப வண்டியை வெளியிட்டது. அதை நான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதால் மேலே எதுவும் சொல்வதற்கில்லை.

இனி மோட்டாரின் இடம். பின் சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கும் ஹப் மோட்டார் அமைப்பே விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் உண்டு. ஐகியூபும் அதையே பயன்படுத்துகிறது. ஏதரில் மோட்டார் வண்டியின் நடுப்பகுதியில் இருந்துகொண்டு பல் வைத்த பெல்ட் மூலம் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பாரம் சக்கரத்தில் இருக்கும்போது, குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாரம் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து எழும்பி இறங்கவேண்டும். ஸ்பிரிங்கினால் அதை விரைவாக அடக்க முடியாது, அடங்காத மீதி இருக்கைக்கு வந்துவிடும். ஆகவே ஹப் மோட்டார் வண்டி கரடுமுரடாக ஓடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கோட்பாட்டளவில் சரி. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: நாம் இத்தனை காலம் ஓட்டிய பெற்றோல் ஸ்கூட்டரில் எஞ்சின் முழுவதும் பின் சக்கரத்தோடு சேர்ந்துதான் ஏறி இறங்குகிறது. எஞ்சினும் அதன் பெல்ட் பெட்டியும் ஒரே கட்டியாக, முன்பக்கம் ஒரு கீலில் தொங்கிக்கொண்டு, பின்பக்கம் சக்கரத்தைத் தாங்குகின்றன. கீலுக்கு அருகே உள்ள பாரம் குறைவாகவும் சக்கரத்தருகே உள்ள பாரம் அதிகமாகவும் துள்ளும் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது; இருந்தாலும், டியோவில் குறை காணாதவர் நல்ல ஷொக் உள்ள ஹப் மோட்டார் வண்டியில் மோட்டாரைக் குறைசொல்ல அதிகக் காரணமில்லை. சென்னையில் ஐகியூப் எனக்கு ஏதரைவிட மென்மையாகவே தோன்றியது. எங்கள் வீட்டு வண்டியின் குலுக்கலுக்கு மோட்டாரைவிட வேறு இரண்டு காரணங்கள் உண்டு, சக்கரமும் ஷொக்கும்.

சக்கரத்தைப் பற்றி விளம்பரங்களில் 10 அங்குலம், 12 அங்குலம் என்று எழுதுவது ரிம்மின் விட்டத்தை. வீதியில் உருளுவது ரயர். 90/100-10 என்று எழுதியிருந்தால் ரயரின் அகலம் 90 மில்லிமீற்றர், உயரம் அதன் நூறு வீதம், அதாவது இன்னொரு 90. ரிம் 254 மில்லிமீற்றர். மேலும் கீழும் சேர்த்தால் முழு விட்டம் 434 மில்லிமீற்றர். 90/90-12 என்பதைக் கணக்கிட்டால் 467 வரும். ஆக, தாளில் 2 அங்குல வேறுபாடு வீதியில் 33 மில்லிமீற்றராகத்தான் இறங்குகிறது. இது சிறியதாகத் தோன்றலாம், ஆயினும் குழியின் விளிம்பில் சக்கரம் எந்தக் கோணத்தில் மோதுகிறது என்பதை இது மாற்றுவதால், மழைக்குப் பின் விளிம்பு உடைந்த தார் வீதியில் வேறுபாட்டைக் கையிலேயே உணரலாம். பெங்களூரில் தயாராகும் ரிவர் இண்டி 14 அங்குலச் சக்கரங்களுடன் வருகிறது. நமது கிறவல் ஒழுங்கைகளுக்கு அந்த அளவே பொருத்தம் என்பேன். மற்ற நிறுவனங்கள் அந்தப் பக்கம் போகத் தயங்குவதற்குக் காரணம், பெரிய சக்கரம் இருக்கைக்குக் கீழுள்ள இடத்தைத் தின்றுவிடும் என்பதாக இருக்கலாம்.

ரயரின் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோல் ஸ்கூட்டர்களுக்குப் பொதுவாக முன் ரயரில் 22, பின் ரயரில் 29, பின்னால் ஆள் இருந்தால் 36 பிஎஸ்ஐ என்ற அளவில் காற்றழுத்தம் சொல்லப்பட்டிருக்கும். மின்சார வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டில் உள்ளதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் கொடுத்தால் இரண்டுக்கும் 40 வரை அடித்து அனுப்புகிறார்கள். பிறகு வண்டியின் ஷொக் சரியில்லை என்று முறைப்பாடு!

ஷொக் அப்சோபரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்கிறது. உள்ளேயுள்ள எண்ணெய், சுருங்கிய ஸ்பிரிங் மீண்டும் துள்ளாமல் அடக்குகிறது. மலிவான வண்டிகளில் இந்த இரண்டாவது வேலை பெயரளவுக்கே நடக்கும். இதைச் சோதிப்பது எளிது: பின் இருக்கையை இரு கைகளாலும் முழுப் பலத்தோடு அமுக்கி விட்டால், அது மெதுவாக ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டும். எங்கள் வண்டி, ஷொக்கை மாற்றுவதற்கு முன், எழும்பி, மறுபடி இறங்கி, மறுபடி எழும்பும். குடியிருப்புகளுக்குள் போட்டிருக்கும் கொங்கிறீட் வீதிகளில் இதன் விளைவு முழுமையாக வெளிப்படுகிறது. அந்த வீதிகளில் பலகை பலகையாக வார்த்த பகுதிகளுக்கு நடுவே பொருத்து இருக்கும்; பொருத்துகள் 3 மீற்றருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும்போது நொடிக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவாகத் தட்டும், 45இல் போகும்போது நான்குக்கு மேல் தட்டும். அமர்ந்திருக்கும் மனித உடல் மேல்-கீழ் அதிர்வை மிக அதிகமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான அதிர்வில். வேகத்தைக் கூட்டினால் குலுக்கல் திடீரென்று வயிற்றுக்குள் ஏறுவது போலிருப்பதற்கு இதுவே காரணம். பூட்டுக்கல் பதித்த இடங்களில் நிலைமை வேறு: அங்கே அதிர்வு மிக விரைவானது, உடம்புக்குப் போகாது, கைப்பிடியில் சிறு கூச்சமாக நின்றுவிடும். ஏதரின் பின்பக்கத்து ஒற்றை ஷொக் சற்று இறுக்கமானது. கொங்கிறீட் பொருத்துகளில் தட்டை நேராகச் சொல்லும், ஆனால் ஒரு தடவைதான் சொல்லும். ஐகியூபின் பின்புறத்து இரட்டை ஷொக்குகள் அந்தத் தட்டையே மழுக்கிவிடுகின்றன. சேத்தக் சுமார் 134 கிலோ எடையோடு, தகட்டு உடலோடு, பிளாஸ்டிக் சலசலப்பு ஏதுமின்றிக் குழிகளைக் கடப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது, எனினும் தனியாக ஓட்டும்போது அதன் பின்பக்கம் எனக்குக் கடினமாகத்தான் பட்டது.

தனியாக ஓட்டும்போது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஓட்டுகிறவர் 70 கிலோ, பின்னால் இருப்பவர் 60 கிலோ என்றால், ஏறியவர்களின் எடை வண்டியின் எடையை நெருங்கிவிடுகிறது அல்லது தாண்டிவிடுகிறது. காரில் ஒருவர் கூடுதலாக ஏறினால் எதுவும் மாறாது. ஸ்கூட்டரில் அது முற்றிலும் வேறு வண்டியாகிவிடும். தனியே ஓட்டி மென்மையாக இருக்கிறது என்று மகிழ்ந்த வண்டி, இருவர் ஏறியதும் வேகத்தடையில் ஷொக்கின் அடி தட்டும். தனியே ஓட்டக் கடினமாக இருந்த சேத்தக், அம்மாவைப் பின்னால் ஏற்றிச் சென்றபோது இதமாகிவிட்டது. எனவே பரீட்சார்த்த ஓட்டத்துக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்; பல கடைகளில் இதற்கு முகம் சுளிப்பார்கள், விடக் கூடாது.

பின்னால் அமர்கிறவரைப் பற்றி வடிவமைப்பாளர்கள் மிகக் குறைவாகவே யோசிக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஏதர் 450எக்ஸின் இருக்கை விளையாட்டு வண்டியின் பாணியில் பின்னுக்குப் போகப் போக ஒடுங்குகிறது. சேலை உடுத்து ஒருபக்கமாக அமர்கிற பெண்ணுக்கு, அதுவும் அறுபது வயதைத் தாண்டியவருக்கு, அங்கே உடம்பை நம்பி வைக்க இடமில்லை. ஐகியூபின் இருக்கை அகலமாகவும் ஏறக்குறைய ஒரே மட்டமாகவும் இருந்ததால், அம்மா அதில் ஏறியவுடன் என் தோளைப் பிடிக்காமல் பையை மடியில் வைத்துக்கொண்டார். அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை. எங்கள் வண்டியில் பின்னால் இருப்பவரின் கால்தாங்கி அளவுக்கு மிஞ்சி உயரத்தில் இருக்கிறது, அம்மாவின் முழங்கால் என் இடுப்பில் முட்டும்.

ஓட்டத்தின் இதத்தில் முறுக்கியின் (அக்சலரேட்டரின்) பங்கும் உண்டு. மின் மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழு இழுவையும் கிடைத்துவிடும். அதை மென்பொருள் எவ்வளவு நிதானமாக அவிழ்த்துவிடுகிறது என்பதைப் பொறுத்தே பின்னால் இருப்பவரின் தலை ஆடும். விலை குறைந்த வண்டிகளில் முறுக்கியைத் தொட்டவுடன் ஒரு உதறல், பிறகு சீர். ஏதரில் முறுக்கியை விட்டவுடன் மோட்டாரே வண்டியை மெல்லப் பிடித்து, அந்த ஓட்டத்தைப் பெட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. தனியே ஓட்டுகிறவருக்கு இது இரண்டு நாளில் பழகிவிடும், பின்னால் இருப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் முன்னே ஒரு சிறு தள்ளல். ஆனால் கோணேசர் கோயிலுக்கு ஏறி இறங்கும் கோட்டைச் சரிவில் இத்தகைய பிடிமானம் இருந்தால் நன்றாக இருக்குமென்று, வெறும் பிரேக்கை நம்பி இறங்கும் ஒவ்வொரு தடவையும் நினைப்பதுண்டு. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் பெற்றோல் வண்டியின் சத்தத்துக்குத் தலை நிமிர்த்திப் பார்க்கும். மின்சார வண்டி பக்கத்தில் வரும்வரை புல்லிலிருந்து வாயை எடுப்பதில்லை. அங்கே மெதுவாகத்தான் போகவேண்டும்.

காற்றும் உப்பும் இந்த ஊருக்கே உரிய சோதனைகள். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அதன்மேல் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு, வண்டியின் பக்கத் தகடுகள் எவ்வளவு அகலம் என்பது ஒரு முக்கியமான கேள்வி. பாரம் தாழ்ந்த வண்டி இங்கே நிச்சயமாக நம்பிக்கை தருகிறது. மேலே பாரமுள்ள எங்கள் வண்டியில் கைகள் இறுகிவிடும், தோள் வலிக்கும். உப்புக் காற்று வேறு விதமாக வேலை செய்யும். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் சிறு துருப் புள்ளி விழுந்தால், குழாய் ஏறி இறங்கும்போது அது எண்ணெய்க் காப்பு வளையத்தைக் கிழிக்கும், எண்ணெய் கசியும், பிறகு முன்பக்கம் வெறும் ஸ்பிரிங்கில் துள்ளும். கடற்கரையோரம் இருப்பவர்கள் வாரத்துக்கொரு முறையாவது அந்தக் குழாயை நல்ல தண்ணீரில் துடைத்து வைப்பது, எந்தச் சேவிஸையும்விடப் பெறுமதியானது. சேத்தக்கின் தகட்டு உடலை நான் மெச்சினாலும், உப்புவெளியில் நாலு மாரியைக் கண்டபின் அது எப்படி இருக்கும் என்ற ஐயம் எனக்குண்டு. பெட்டரிப் பெட்டிகளைப் பொறுத்தவரை, ஐபி67 என்ற தரம் குறிக்கப்பட்டிருந்தால் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும்படி சோதிக்கப்பட்டது என்று பொருள். மாரியில் தளத்தளவுக்குத் தண்ணீர் நிற்கும் ஒழுங்கைகளில் இருப்பவர்கள் இதைக் கேட்டே வாங்க வேண்டும்.

திரை, புளூடூத், வழிகாட்டி வரைபடம் ஆகியவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வழி தெரியாமல் தவிக்கும் அளவுக்கு இந்த ஊர் பெரியதல்ல.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வண்டி எது என்று யோசித்தால், ஓட்டும் இன்பத்துக்கு ஏதரையே சொல்வேன். தனியே போய்வருகிற, நடுத்தர உயரமுள்ள ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவருக்கும் அதுவே. ஆனால் எங்கள் வண்டியைப் பெரும்பாலும் ஓட்டுவது மனைவி, பின்னால் இருப்பது அம்மா, தளத்தில் இருப்பது சிலிண்டர். அதற்குத் தாழ்ந்த சமதளமும், அகன்ற இருக்கையும், 12 அங்குலச் சக்கரமும், எண்ணெய் அடக்கமுள்ள பின் ஷொக்கும் வேண்டும். ஐகியூபின் அமைப்பு இந்தப் பட்டியலுக்கு நெருங்கி வருகிறது, சுமார் 118 கிலோ என்பதும் மனைவியால் சமாளிக்கக்கூடிய எடைதான். விலை கைக்கு எட்டும்வரை பழைய வண்டியில் செய்யக்கூடியதைச் செய்துகொண்டிருக்கிறேன். கராஜில் பின் ஷொக்குகள் இரண்டையும் எண்ணெய் அடக்கமுள்ளவையாக மாற்றிக் கொடுத்தார்கள். துள்ளல் பெரும்பாலும் நின்றுவிட்டது. கால்தாங்கியை இரண்டங்குலம் கீழே இறக்கி வெல்டிங் செய்யலாம் என்று அங்கிருந்த பாஸ் சொல்கிறார். சட்டத்தில் வெல்டிங் சூடு ஏறுவதற்கு முன் பெட்டரி இணைப்பையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன், இந்தச் சனிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்.